முதல் மரப் படகு: 14 அடி மோட்டார் படகை வீட்டிலேயே கட்டப் போகிறேன், வழி சொல்லுங்கள்

கரையோரம்:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது துணிந்து எழுதுகிறேன்.

மேசை, அலமாரி, கதவு, நிலை வரை கையால் செய்த பழக்கம் உண்டு. படகு செய்ததில்லை. 14 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு பிளைவுட் படகுக்கு வரைபடம் வாங்கி வைத்திருக்கிறேன். தையல் முறை: பலகைகளை வெட்டி, விளிம்புகளில் சின்னத் துளைகள் போட்டு, கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிப்போகும் பசை) பூசி, கண்ணாடியிழை நாடா ஒட்ட வேண்டும். அடிப்பலகை 9 மி.மீ., பக்கப்பலகை 6 மி.மீ. பின்னால் 20 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார்.

எந்த இடத்தில் தப்பு செய்தால் பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்? பணத்தையும் நேரத்தையும் எங்கே தாராளமாகப் போட வேண்டும், எங்கே சிக்கனம் பிடிக்கலாம்? 17 அடியில், முன்னால் சின்ன அறை வைத்த படகின் வரைபடம் ஒன்றும் கண்ணில் பட்டது. செய்வதுதான் செய்கிறோம், அதையே செய்துவிடலாமா என்ற ஆசையும் இருக்கிறது.

பழைய உளி:

14 அடியிலேயே நில்லுங்கள். மூன்று அடிதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் நீளத்தோடு அகலமும் உயரமும் அதே விகிதத்தில் வளர்ந்தால் படகின் கன அளவு ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிவிடும். மரம், எபாக்சி, தேய்க்கும் வேலை எல்லாம் அதோடு சேர்ந்து ஏறும். அறை வைத்தால் கதவு, ஜன்னல், கூரை என்று இன்னொரு படகு கட்டுகிற வேலை. பாதியில் நின்றுபோன படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை முதல் முயற்சிக்குப் பெரிதாக எடுத்தவை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. திருத்தக் கஷ்டமான இடம் படகின் அடிப்பாகம்தான், அதிலும் பின்பாதி.

காரணம் சொல்கிறேன். மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. அப்படிப் போகும் படகின் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் அந்த வரம்பு வரும். உங்கள் படகின் நீர்க்கோடு 13 அடி என்றால் 4.8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 9 கி.மீ. அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தன் சொந்த அலையின் மேல் ஏறி, தண்ணீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் படகின் எடை முழுவதையும் தாங்குவது பின்பாதியின் அடிப்பலகை மட்டும்தான்.

அந்தப் பகுதி நீளவாக்கில் நேராக இருக்க வேண்டும். உள்ளே குழிந்திருந்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்பக்கம் அழுந்தும், வேகம் குறையும், திருப்பும்போது முன்பக்கம் தண்ணீரைக் கடித்து இழுக்கும். வெளியே புடைத்திருந்தால் வேகம் எடுத்ததும் படகு குதிரை மாதிரி மேலும் கீழுமாக ஆடும். மோட்டாரைப் பெரிதாக்கினால் இந்த இரண்டு நோயும் கூடத்தான் செய்யும்.

மற்ற எல்லாத் தப்புகளையும் உப்புத்தாளும் எபாக்சியும் பார்த்துக்கொள்ளும். மேல் விளிம்பு கொஞ்சம் கோணினால் பார்க்க அழகு குறையும், அவ்வளவுதான். அடிப்பாகத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

ரசமட்டம்:

பழைய உளி சொன்னதற்கு மேல் ஒன்று. அடிப்பாகம் நேராக வர வேண்டுமானால் அதைத் தாங்கும் மேடை நேராக இருக்க வேண்டும். தையல் முறை என்றால் மேடையே வேண்டாம், தைத்தால் படகு தானாக வடிவத்துக்கு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். துடுப்புப் படகுக்கு அது சரி. மோட்டார் படகுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டு நீளமான சட்டங்களை ஏணி மாதிரி இணைத்து, ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள். நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். கடைசி வரை அந்த நூல்தான் உங்களுக்கு அளவு. தற்காலிகக் குறுக்குச் சட்டங்களைத் தலைகீழாக ஏணியின் மேல் நிறுத்தி, ஒவ்வொன்றின் நடுக்கோடும் நூலுக்கு நேராக இருக்கிறதா என்று தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாளும் கண்ணுக்கு ஒன்றும் செய்த மாதிரி இருக்காது. பரவாயில்லை.

நீர்க்காகம்:

எல்லோரும் எபாக்சி என்றே பேசுகிறீர்கள். பாலியெஸ்டர் ரெசின் விலை பாதிகூட வராது. பிரிட்டனில் 1960களின் தொடக்கத்தில் வந்த மிரர் என்ற சின்னப் பாய்ப் படகு, வீட்டில் கட்டுவதற்கென்றே வடிவமைத்தது. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் செய்த வடிவம். செம்புக் கம்பித் தையல், கண்ணாடியிழை நாடா, பாலியெஸ்டர் ரெசின். கட்டியவர்களில் பெரும்பாலோர் முதல் தடவைக்காரர்கள்தான். அப்படி ஆயிரக்கணக்கான படகுகள் ஓடியிருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் கூடாது?

பழைய உளி:

நியாயமான கேள்வி. மிரர் வந்த காலத்தில் வீட்டுக்காரர் கைக்கு எட்டியது பாலியெஸ்டர்தான், அதை வைத்துக்கொண்டு அற்புதமான வேலை செய்தார்கள். ஆனால் அது 11 அடிக்கும் குறைவான, எடை குறைந்த பாய்ப் படகு. 20 குதிரைத்திறன் மோட்டார் தள்ள, அலைமேல் அடித்துக்கொண்டு போகும் படகு இல்லை.

பாலியெஸ்டர் மரத்தின் இழைக்குள் நன்றாகப் பிடிப்பதில்லை. காய்ந்தபின் சுருங்கும், சீக்கிரம் விரியும். மரம் ஈரத்துக்கு ஏற்ப அசையும்போது கண்ணாடியிழை தோல் மாதிரி உரிந்து வரும். பழைய படகில் அப்படி உரிந்ததைக் கையால் இழுத்திருக்கிறேன். சட்டையிலிருந்து ஸ்டிக்கரைப் பிய்ப்பது போல முழு நீளத்துக்கும் வந்தது. அடியில் மரம் கறுத்துப்போய் இருந்தது. எபாக்சியில் ஒட்டியதை அப்படிப் பிரித்தால் மரத்தின் நாரும் சேர்ந்துதான் வரும்.

சிக்கனம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன. இருக்கை, தரைப்பலகை, அலங்காரம், மோட்டார்கூடப் பழையதாக வாங்கலாம். ஒட்டுவதிலும் பிளைவுட்டிலும் மட்டும் கை சுருக்க வேண்டாம்.

இன்னொன்று: நறுக்கிய இழைகளால் ஆன பாய் போன்ற கண்ணாடியிழையை எபாக்சியோடு வாங்காதீர்கள். அதன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் கரைவதற்காகச் செய்தது, எபாக்சியில் சரியாகக் கரையாது. நெய்த துணிதான் உங்களுக்கு. சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி வெளிப்பக்கத்துக்குப் போதும்.

அலைமுகம்:

இடையில் ஒரு கேள்வி. கடல் தரம் என்று முத்திரை குத்திய பிளைவுட் எல்லாமே நல்லதுதானா?

ரசமட்டம்:

முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். பிஎஸ் 1088 என்ற கடல் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரக்குறி அச்சடித்திருந்தாலும் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து வேகவைத்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு துண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம். எடுத்து நன்றாக உலர்த்தி, மறுபடியும் வேகவைக்க வேண்டும். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகையைத் தொடாதீர்கள். பிரியாவிட்டால் துண்டை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து ஓரத்தைப் பாருங்கள். உள் அடுக்கில் இடைவெளி, பொந்து தெரிகிறதா? படகின் முன்பக்கம் பலகையை நன்றாக வளைக்க வேண்டி வரும். பொந்து இருக்கும் பலகை அந்த இடத்தில்தான் உடையும், அதுவும் நீங்கள் வெட்டி, துளை போட்டு, தைத்து முடித்த பிறகு.

எடையும் பாருங்கள். ஒகூமே மரத்தில் செய்த 8 அடிக்கு 4 அடி, 9 மி.மீ. பலகை சுமார் 12 கிலோ இருக்கும்.

கரையோரம்:

எல்லோருக்கும் நன்றி. 17 அடி ஆசையை விட்டுவிட்டேன். 14 அடிப் படகின் வரைபடத்தை அட்டையில் பத்தில் ஒரு பங்காக வெட்டி, ஒட்டுநாடாவால் தைத்துப் பார்த்தேன். பக்கப்பலகையும் அடிப்பலகையும் முன்னால் எப்படி முறுக்கிக்கொண்டு சேர்கின்றன என்பது அதைக் கையில் பிடித்த பிறகுதான் புரிந்தது.

மூன்று வாரம் ஆயிற்று. 8 அடிப் பலகைகளை 14 அடியாக்க சாய்வு இணைப்பு போட்டேன், தடிமனுக்கு எட்டு மடங்கு நீளம். 9 மி.மீ. பலகைக்கு 72 மி.மீ. சரிவு. நான்கு பலகைகளைப் படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றையும் 72 மி.மீ. உள்ளே தள்ளி அடுக்கி, மொத்தமாக இழைப்புளியால் இழைத்தேன்.

பயந்துகொண்டே ஆரம்பித்த வேலை இது. ஆனால் பிளைவுட்டே வழிகாட்டுகிறது! இழைக்க இழைக்க உள் அடுக்குகள் ஒவ்வொன்றும் பட்டை பட்டையாக, ஒன்று வெளுத்தும் அடுத்தது கருத்தும் வெளியே வந்தன. பட்டைகள் நேராக, ஒரே அகலத்தில் ஓடினால் சரிவு சரி. எங்கே ஒரு பட்டை வயிறு மாதிரி அகலமாகிறதோ அங்கே அதிகம் சீவிவிட்டோம் என்று அர்த்தம். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோடுகளை மட்டும் பார்த்து முடித்தேன்.

ஒட்டும்போது முதலில் இரண்டு முகத்திலும் எபாக்சியை அப்படியே தடவி ஊறவிட்டு, அப்புறம் பொடி கலந்து கெட்டியாக்கியதைப் பூசினேன். அதிகம் இறுக்கவில்லை. இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, இணைப்பு வறண்டுபோகும் என்று படித்திருந்தேன். ஒரு வெட்டுத்துண்டையும் அதே மாதிரி ஒட்டி, காய்ந்ததும் முழங்காலில் வைத்து உடைத்தேன். இணைப்புக்குப் பக்கத்தில் மரம்தான் உடைந்தது.

பழைய உளி:

சோதனைத் துண்டை உடைத்துப் பார்த்தீர்களே, அது ரொம்ப நல்ல பழக்கம். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் கொஞ்சத்தை ஒரு மரத்துண்டில் தடவித் தேதி எழுதி வையுங்கள். என்றைக்காவது ஒரு கலவை காயாமல் பிசுபிசுத்தால் எந்த நாளின் வேலை என்று தெரிந்துவிடும்.

கரையோரம்:

ஒரு சிக்கல். அவசரமாக உதவி வேண்டும்.

குறுக்குச் சட்டங்களை மேடையில் நிறுத்தி முடித்தேன். நூல் சரி, குறுக்களவு சரி. நேற்று இரவு அலுமினியப் பெட்டிக்குழாய் ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சட்டங்களின் மேல் வைத்து, மறுபக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பின்பலகையிலும், இரண்டாவது, நான்காவது சட்டங்களிலும் குழாய் உட்காருகிறது. மூன்றாவது சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. 6 மி.மீ. இடைவெளி. நடுக்கோட்டில் மட்டும் இல்லை, இரண்டு ஓரத்திலும் அதே அளவு. வரைபடத்தை மறுபடி பார்த்தேன், அளவை நான்தான் தவறாக மாற்றி எழுதியிருக்கிறேன்.

அடிப்பலகையை வைத்து, அந்த இடத்தில் இழுக்காமல் விட்டுவிட்டால் பலகை தானாகவே நேராக நிற்காதா?

ரசமட்டம்:

நிற்காது. தைக்கும்போது கம்பி இழுக்கும், மேலே எபாக்சியும் துணியும் போட்டு நீங்கள் கையூன்றும்போது அமுங்கும், அப்படியே காய்ந்துவிடும். படகு தலைகீழாக இருப்பதால் இப்போது பள்ளமாகத் தெரிவது திருப்பியதும் அடிப்பாகத்தில் உட்குழிவு. பழைய உளி முதலில் எச்சரித்த அதே நோய், அதே இடம்.

சட்டத்தின் மேல் விளிம்பில் 8 மி.மீ. ரீப்பர் ஒன்றை ஒட்டுங்கள். காய்ந்ததும் குழாய் மூன்று சட்டத்திலும் ஒன்றாக உட்காரும் வரை இழைத்துக் கொண்டுவாருங்கள். அரை நாள் வேலை.

பழைய உளி:

இதைப் பலகை போடுவதற்கு முன்னால் கண்டுபிடித்தீர்கள், எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருக்கிறது. என் இரண்டாவது படகில் 5 மி.மீ. உட்குழிவை விட்டுவிட்டேன். தண்ணீரில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது. அடிப்பாகத்தை மொத்தமாகச் சுரண்டி, பொடி கலந்த எபாக்சியால் நிரப்பி, நீளப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி ஆறு வார இறுதிகள் தேய்த்தேன். தோள் வலி அந்த வருடம் முழுக்க இருந்தது.

கரையோரம்:

ரீப்பர் ஒட்டி இழைத்து முடித்தேன். இப்போது எந்தச் சட்டத்திலும் வெளிச்சம் தெரியவில்லை.

அடிப்பலகை, பக்கப்பலகை தைத்தாயிற்று. நேற்று மூலைகளுக்கு எபாக்சி கலக்கும்போது ஒரு விபத்து. நேரம் மிச்சமாகும் என்று அரை லிட்டருக்கு மேல் ஒரே பிளாஸ்டிக் குவளையில் கலந்துவிட்டேன். ஒரு மூலை முடிப்பதற்குள் குவளை கையில் வெதுவெதுப்பாகியது. இரண்டு நிமிடத்தில் பிடிக்க முடியாத சூடு. குவளையின் அடி இளகி, உள்ளே மஞ்சளாக நுரைத்துப் புகை வந்தது. வெளியே தூக்கிக்கொண்டு போய் வெறும் தரையில் வைத்தேன். கையுறை போட்டிருந்ததால் தப்பித்தேன்.

நீர்க்காகம்:

நல்ல வேளை. எபாக்சி காயும்போது தானே சூட்டைக் கிளப்பும். ஆழமான குவளையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற இன்னும் வேகமாகக் காயும், இன்னும் சூடாகும். சின்னச் சின்ன அளவாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் பரப்பி ஊற்றிவிடுங்கள். சூடானதைக் குப்பைத்தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

சீக்கிரம் காயட்டும் என்று கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றவும் வேண்டாம். பாலியெஸ்டரில் அப்படிக் கூட்டிக் குறைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது, எபாக்சியில் அது செல்லாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதம்தான் கணக்கு. பாலியெஸ்டர் பேச்சை நானே எடுத்தேன், ஆனால் இந்த வேலைக்கு எபாக்சி சரி என்று இப்போது நினைக்கிறேன்.

ரசமட்டம்:

கையுறையை ஒரு நாள்கூடக் கழற்ற வேண்டாம். எபாக்சி பல மாதம் ஒன்றும் செய்யாது, ஒரு நாள் திடீரென்று ஒவ்வாமை ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் அதற்குப் பிறகு அதைத் தொடவே முடியாமல் போகலாம். கையில் பட்டால் தின்னர், அசிட்டோன் போட்டுத் துடைக்காதீர்கள், அது தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும். தேய்க்கும்போது முகக்கவசம்.

காய்ந்த மேற்பரப்பில் மெழுகு தடவியது போல ஒரு படலம் வரலாம். அதைத் தேய்ப்பதற்கு முன்னால் வெறும் தண்ணீரும் நாரும் கொண்டு கழுவுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலத்தை உள்ளே தேய்த்துவிடுவீர்கள், பெயின்ட் பிடிக்காது. பெயின்டைத் தவிர்க்கவும் கூடாது, வெயிலில் வெறும் எபாக்சி மஞ்சளாகிப் பொடிந்துவிடும்.

நீர்க்காகம்:

பின்பலகைக்கு வரும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கிய பழைய படகு ஒன்று வெளியே பளபளவென்று இருந்தது. மோட்டார் போல்ட்டை இறுக்கியபோது வாஷர் மரத்துக்குள் அமிழ்ந்தது. கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றி மரம் ஈரமான காப்பித்தூள் மாதிரி, ஸ்பூனால் வழித்து எடுக்கலாம் போல இருந்தது. முந்தைய உரிமையாளர் மரத்தைத் துளைத்து, போல்ட்டைச் செருகி, வெளியே மட்டும் அடைப்பான் தடவியிருக்கிறார்.

ஒவ்வொரு துளையையும் தேவைக்கு மேல் பெரிதாகப் போடுங்கள். எபாக்சியால் முழுக்க நிரப்பிக் காயவிட்டு, அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது போல்ட் எபாக்சிக் குழாய்க்குள் நிற்கும், மரத்தைத் தொடாது. மோட்டார் போல்ட், வடிகால் துளை, கொக்கி, எல்லாவற்றுக்கும் இதே முறைதான். கடல்நீரைவிட மழைநீர்தான் மரப் படகுக்கு எமன். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நல்ல தண்ணீர் தேங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நிறுத்திவைக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கி, காற்றுப் போகிற மாதிரி மூடி வையுங்கள்.

அலைமுகம்:

மரப் படகுக்குள்ளும் மிதவை நுரை அடைக்கச் சொல்கிறார்களே, மரம்தான் மிதக்குமே, அது எதற்கு?

பழைய உளி:

மரம் மிதக்கும், மோட்டார் மிதக்காது. 50 கிலோ மோட்டார் பின்னால் தொங்கும்போது படகில் தண்ணீர் நிறைந்தால் பின்பக்கம் கீழே போய், முன்பக்கம் செங்குத்தாக வானத்தைப் பார்க்கும். பிடித்துக்கொள்ள இடமே இருக்காது. அதனால் நுரையை முன்னால் மட்டும் அடைக்காமல், பின்பக்கத்து இரண்டு ஓர இருக்கைகளுக்கு அடியிலும் வையுங்கள். மூடிய அறைகள் கொண்ட, தண்ணீர் குடிக்காத நுரையாக இருக்க வேண்டும். 100 லிட்டர் நுரை கிட்டத்தட்ட 100 கிலோவைத் தாங்கும்.

ஆட்கள் எண்ணிக்கைக்கு, 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுப்பது. 14ஐ 5 ஆல் பெருக்கி வகுத்தால் நாலரைக்குச் சற்று மேல். நான் நாலு என்றே எடுப்பேன், அதுவும் அமைதியான தண்ணீரில்.

கரையோரம்:

பதினான்கு மாதம். இன்று காலை தண்ணீரில் இறக்கினோம்.

மோட்டாரின் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகடு அடிப்பாகத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கும்படி பொருத்தியிருந்தேன். நான் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் உயிர்க்கயிறு மணிக்கட்டில், துடுப்பு இரண்டு உள்ளே. முதல் அரைமணி நேரம் கரையை ஒட்டியே மெதுவாக ஓட்டினேன். தனியாக இருந்தபோது முன்பக்கம் ரொம்பத் தூக்கியது, முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. எரிபொருள் தொட்டியை முன் இருக்கைக்கு அடியில் மாற்றி, தம்பியை நடுவில் உட்கார வைத்த பிறகு சரியாகிவிட்டது.

அப்புறம் மெல்ல மெல்ல முடுக்கினேன். பின்னால் அலை உயர்ந்தது, படகு ஏற்றத்தில் திணறுவது போல ஒரு கணம் நின்றது, உடனே முன்பக்கம் தாழ்ந்து சத்தமே மாறிவிட்டது. இரைச்சல் போய், அடியில் யாரோ பட்டுத்துணியைக் கிழிப்பது போல ஒரு சீறல். மணிக்கு 36 கி.மீ. குதிக்கவில்லை, ஒரு பக்கம் இழுக்கவில்லை. கையை மோட்டாரின் திருப்பும் பிடியில் லேசாக வைத்தாலே நேராகப் போகிறது. மூன்றாவது சட்டத்தை நினைத்துக்கொண்டேன். தம்பி திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான், காற்றில் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒரே ஒரு குறை. கரையேற்றிய பிறகு தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர். துடைத்துத் தேடினேன். வடிகால் அடைப்பின் வளையத்தைப் பிடிக்கும் நான்கு திருகாணிகளில் ஒன்றைச் சுற்றி மரம் கருத்திருக்கிறது. மற்ற மூன்றையும் எபாக்சி நிரப்பித் துளைத்தேன், கடைசி நாள் அவசரத்தில் இதை அப்படியே திருகிவிட்டேன். பெரிதாக்கி நிரப்பப் போகிறேன். அதற்கு முன் மரம் காய எத்தனை நாள் விட வேண்டும்?

பழைய உளி:

படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். வாழ்த்துகள் தம்பி, உங்கள் தம்பிக்கும்.

நாள் கணக்கு வேண்டாம், மரத்தையே கேளுங்கள். வளையத்தைக் கழற்றி, கருத்த மரத்தை வெளுத்த மரம் வரும் வரை துளைத்து எடுத்துவிடுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் ஒரு வாரம் வையுங்கள். அப்புறம் ஒரு துண்டு பாலிதீனைத் துளையின் மேல் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் மூடி ஒரு இரவு விடுங்கள். காலையில் பாலிதீனின் உட்பக்கம் பனி படர்ந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிரித்துவிட்டு இன்னொரு வாரம் பொறுங்கள். காய்ந்திருந்தால் அன்றைக்கே நிரப்பிவிடலாம்.